முதல் வைத்தியம் தண்ணீருக்கு

புதிதாக மீன் தொட்டி வைத்த வீடுகளில் பத்தாம் நாளுக்கும் மூன்றாவது வாரத்துக்கும் இடையில் ஒரு கெட்ட காலம் வரும். அதுவரை கையைக் கண்டதும் ஓடிவந்த தங்கமீன் மூலையில் ஒதுங்கி நிற்கும். முதுகுத் துடுப்பு மடங்கிவிடும். வாய் தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டபடி திறந்து திறந்து மூடும். தண்ணீரோ பளிச்சென்று தெளிவாக இருக்கும். கடையில் போய்ச் சொன்னால் ஒரு நீல மருந்தையோ மஞ்சள் மருந்தையோ எடுத்துக் கொடுப்பார்கள். மருந்து ஊற்றிய இரண்டாம் நாள் மீன் செத்து மிதக்கும். "எங்க வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

இதற்கும் ராசிக்கும் சம்பந்தமில்லை. அந்த மீனுக்குப் பெரும்பாலும் எந்தத் தொற்றுநோயும் இருந்திருக்காது. தன் கழிவு கரைந்த தண்ணீரைச் சுவாசித்து அது இறந்திருக்கிறது. தெளிவான தண்ணீரில் இது நடப்பதால்தான் நமக்குப் பிடிபடுவதில்லை. வளர்ப்பு மீனுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு தண்ணீரின் வேதியியலில் தொடங்குகிறது. ஆகவே மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விதிக்கான காரணங்களைத்தான் பார்க்கப் போகிறோம்.

செவுளும் அமோனியாவும்

பருப்பு, முட்டை, இறைச்சி என்று நாம் உண்ணும் புரதத்திலிருந்து உடலில் அமோனியா உண்டாகிறது. அது நஞ்சு என்பதால் நம் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. அந்த வேலைக்கு ஆற்றல் செலவாகும். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருக்கும் மீனுக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை. அமோனியாவை அப்படியே செவுள் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. ஏரியிலோ குளத்திலோ அது கரைந்து காணாமல் போகும். நாற்பது லிட்டர் தொட்டியில் அதற்குப் போக்கிடமில்லை. தின்னாமல் விட்ட தீவனமும் எச்சமும் அழுகி இன்னும் கொஞ்சம் அமோனியாவைச் சேர்க்கும்.

தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று, மின்னூட்டம் இல்லாத அமோனியா. செவுளின் மெல்லிய சவ்வை எளிதில் ஊடுருவி இரத்தத்துக்குள் நுழைவது இதுதான். மற்றது, ஹைட்ரஜன் அயனி ஒன்றைச் சேர்த்துக்கொண்ட அம்மோனியம். இது அவ்வளவாக உள்ளே நுழையாது, தீங்கும் மிகக் குறைவு. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் அரைப் பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கு. பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரே அளவு அமோனியா ஒரு வீட்டில் மீனைத் தொந்தரவு செய்யாமலும் இன்னொரு வீட்டில் கொன்றும் போடுவதன் இரகசியம் இதுதான்.

கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளிலிருந்து வெளியூருக்குப் போகும் மீன்கள் ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் மணிக்கணக்கில் பயணம் செய்கின்றன. பைக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து பிஎச் அளவைக் கீழே இறக்கும். சேர்ந்துகொண்டே போகும் அமோனியா அதனால் தீங்கற்ற வடிவிலேயே பெரும்பாலும் இருக்கும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். ஆகவே கட்டிய பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமமாக்குங்கள். திறந்தபின் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

அப்பாவின் தொட்டி, மகனின் மண்

தொட்டித் தண்ணீரை மாற்றாமலே மீனை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். சுமார் 50 லிட்டர் பிடிக்கும் பாத்திரம் ஒன்றில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்த்தாவரத்தையும் சேர்த்து வளர்த்தார். தாவரம் ஆக்ஸிஜன் தரும், மீன் விடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தபோது குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை லண்டன் வேதியியல் சங்கத்துக்குத் தெரிவித்தார். ஐரோப்பாவில் வீட்டு மீன் தொட்டி மோகம் அந்தப் பத்தாண்டில்தான் பற்றிக்கொண்டது.

வாரிங்டனின் கணக்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. அமோனியா எங்கே போனது? தாவரங்கள் ஒரு பகுதியை உறிஞ்சியிருக்கும். மீதி வேலையைச் செய்தவை பாத்திரத்தின் சுவரிலும் இலைகளிலும் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள். அப்படி ஒரு கூட்டம் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார்கள். முதல் இருபது நாள் அமோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோனது. உயிருள்ள ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்பதற்கு அது போதிய சான்று.

இந்த ஆய்வைக் கையிலெடுத்து முன்னே கொண்டுபோனவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வளர்த்த வாரிங்டனின் மகன். வயல் மண்ணை ஆராய்ந்த அவர், இந்த மாற்றம் இரண்டு கட்டங்களில் நடக்கிறது என்று காட்டினார். அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது வேறொரு கூட்டம். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க அவர் பட்ட பாடு பலிக்கவில்லை. அன்று ஆய்வகங்களில் பயன்பட்ட சத்து நிறைந்த ஜெலட்டினில் அவை வளர மறுத்தன. 1890இல் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி அதன் காரணத்தைக் கண்டார். இவற்றுக்குச் சமைத்த சாப்பாடு வேண்டாம். அமோனியாவை ஆக்ஸிஜனோடு சேர்த்து ஆற்றல் பெற்று, கரியமில வாயுவிலிருந்தே உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை.

அப்பாவின் தொட்டியில் விடை தெரியாமல் நின்ற கேள்விக்கு மகன் தோண்டிய மண்ணில் பாதி விடை கிடைத்தது. மீதியை நாம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம். 2005இல் சியாட்டில் நகரின் காட்சித் தொட்டி ஒன்றிலிருந்து அமோனியாவை உண்ணும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது. 2015இல், இரண்டு கட்டங்களையும் ஒரே உயிராகச் செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றில் சில கிடைத்த இடம் மீன் வளர்ப்புப் பண்ணை ஒன்றின் வடிகட்டி.

இந்த உயிர்களுக்குக் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு, ஆகவே மெதுவாகப் பெருகுகின்றன. ஈகோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும், சிலவற்றுக்கு ஒரு நாளும் போதாது. புதுத் தொட்டியில் போதுமான கூட்டம் சேர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தொட்டி வாங்கிய அன்றே நான்கு மீன்களையும் வாங்கி விட்டால், அவற்றின் கழிவைக் கையாள ஆளில்லாத வாரங்களில்தான் அவை வாழ வேண்டியிருக்கும்.

பழுப்பாகும் இரத்தம்

முதல் கூட்டம் முந்திக்கொண்டு பெருகும், இரண்டாவது பின்தங்கி வரும். நடுவில் நைட்ரைட் உச்சத்துக்குப் போகும். நைட்ரைட் செவுளின் குளோரைடு வாயில் வழியாக இரத்தத்துக்குள் புகுந்து, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை மாற்றிவிடுகிறது. அப்படி மாறிய ஹீமோகுளோபினால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாது. இரத்தம் பழுப்பாகும், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய செவுளும் பழுப்படிக்கும். தண்ணீரில் காற்று தாராளமாக இருந்தும் மீன் மூச்சுக்குத் திணறும்.

இங்கே சமையலறை உப்பு உயிர் காக்கும். உப்பில் உள்ள குளோரைடு அதே வாயிலுக்குப் போட்டிக்கு நிற்கும், நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நைட்ரைட் தெரிந்தால் தண்ணீரில் பாதியை மாற்றிவிட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சேர்த்தால் மீனுக்குப் பெரும் நிம்மதி. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வற்றியதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் மறுபடி உப்புப் போடக்கூடாது. வெளியே எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டுமே உப்புச் சேர்க்க வேண்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் தொட்டித் தண்ணீரை எடுக்க வேண்டும். முதல் பாட்டிலிலிருந்து எட்டுச் சொட்டு, இரண்டாவதிலிருந்து எட்டுச் சொட்டு என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையை மீறாமல் விட்டு, மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பரவலாக விற்கும் பெட்டிகளில் எலுமிச்சை மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை. பச்சை எட்டிப் பார்த்தால் இருக்கிறது. பச்சை அடர அடர ஆபத்து. நிறத்தை வெள்ளைத் தாளுக்கு முன், பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. டியூப் லைட்டில் மஞ்சளும் வெளிர் பச்சையும் பிரிந்து தெரியாது.

பெட்டி காட்டுவது இரண்டு வடிவங்களையும் சேர்த்த மொத்த அமோனியா. பிஎச் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். நச்சு வடிவம் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மீன் வளர்ப்பில் பலரும் கடைப்பிடிக்கும் எல்லை. மொத்தம் 1 மில்லிகிராம் என்று பெட்டி காட்டும்போது பிஎச் 7 தண்ணீரில் இந்த எல்லைக்குள் இருப்போம். பிஎச் 8 தண்ணீரில் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியிருப்போம். கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் பிஎச் 8ஐ ஒட்டி இருப்பது சாதாரணம்.

முதிர்ந்த தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கும், நைட்ரேட் மெல்ல ஏறும். வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை மாற்றினால் நைட்ரேட் கட்டுக்குள் நிற்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளையும் நுண்ணுயிர்களையும் ஒருசேர அழிக்கும். திறந்த பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் அது வெளியேறிவிடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் உண்டு. கடையில் ஆன்ட்டி குளோரின் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெளுப்பாக்குவது பல வீடுகளில் நடக்கும் தவறு. மாதக்கணக்கில் குடியேறிய கூட்டம் அதோடு சாக்கடைக்குப் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கி அழுக்கை நீக்கினால் போதும். நீண்ட நேரம் மின்சாரம் போனாலும் இதே இழப்புதான். ஓட்டம் நின்ற வடிகட்டிக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். மூடிய வடிகட்டி என்றால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் ஓட விடுங்கள். பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. புதுத் தொட்டி வைப்பவர்களுக்குச் சிறந்த குறுக்குவழி, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஊறிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குவது.

பழைய தொட்டியின் ஆபத்து

அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையில் அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டுகள் அந்த அமிலத்தை வாங்கிக்கொள்வதால் பிஎச் நிலையாக நிற்கிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் ஏழு மில்லிகிராம் காரத்தன்மை கரைந்து போகிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், வற்றியதற்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் இந்தக் கையிருப்பு ஒருநாள் தீர்ந்துவிடும். பிஎச் 6க்கும் கீழே சரியும். அந்த அமிலத்தில் நுண்ணுயிர்கள் ஓய்ந்துபோக, அமோனியா சேரத் தொடங்கும். எல்லாம் அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கும்.

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று ஒருநாள் தொட்டியை நன்றாகக் கழுவி, முக்கால்வாசித் தண்ணீரைப் புதிதாக ஊற்றுகிறோம். பிஎச் சட்டென்று எட்டுக்கு ஏறும். மிச்சமிருந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி நச்சு அமோனியாவாக மாறும். சுத்தம் செய்த மறுநாள் மீன்கள் கொத்தாகச் சாவது இப்படித்தான். பாழடைந்த பழைய தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி மீட்க வேண்டும்.

சுத்தமான தண்ணீர் என்று நினைத்துக் கேன் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் ஊற்றுகிறவர்கள் இந்தப் பள்ளத்தில் விரைவாக விழுகிறார்கள். அவற்றில் கார்பனேட் கையிருப்பு கிட்டத்தட்ட இல்லை. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 20 லிட்டருக்கு ஒரு கிராம் சமையல் சோடா சேர்த்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மை கூடும். தங்கமீனுக்குக் கடினமான தண்ணீர் பிடிக்கும். நம் ஊர்ப் போர் தண்ணீர் உப்புக் கரிக்காத வரை அதற்கு ஏற்றதே.

நோய் என்று உறுதியானால்

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் வாடினால் நோயைத் தேடலாம். வீடுகளில் அதிகம் காண்பது வெண்புள்ளி நோய். உடலிலும் துடுப்பிலும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பை உரசும். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று இருக்கிறது. ஒரு புள்ளியைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால், உடலெங்கும் மயிரிழைகள் அசைய அது மெதுவாக உருண்டுகொண்டிருப்பதைக் காணலாம். உள்ளே லாட வடிவத்தில் பெரிய உட்கரு தெரியும். பார்த்தவர்கள் அதை வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்ததும் கழன்று தொட்டியின் அடியில் விழுந்து உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகும். உறை உடைந்து நீந்தும் குஞ்சுகளுக்கு இரண்டொரு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடியும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள், ஒட்டுண்ணி உறைக்குள் இருக்கும் நேரத்தில் போரை நிறுத்துகிறார்கள். 25 டிகிரியில் இந்தச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும், குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் நீளும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பை மூன்று பங்காக்கி, இரண்டு நாளில் படிப்படியாகச் சேர்ப்பது தங்கமீன் தாங்கும் முறை. தினமும் அடிக்கல்லைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால் உறைகளில் பல வெளியேறிவிடும். மாலக்கைட் கிரீன் மருந்தும் பலன் தரும். ஆனால் அது நச்சுச் சாயம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, உண்ணும் மீனுக்கு ஒருபோதும் கூடாது.

உப்பு இத்தனை இடங்களில் கைகொடுக்கக் காரணம் உண்டு. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பானது. தண்ணீர் ஓயாமல் உடலுக்குள் கசியும், சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றும். தோலும் செவுளும் புண்பட்டால் கசிவு கூடும். வெளியே சிறிது உப்பு இருந்தால் அந்தச் சுமை குறையும்.

சிறுநீரகம் தோற்றுப்போன நிலைதான் செதில்கள் நெட்டுக்குத்தாக எழும்பி வயிறு வீங்கும் நோய். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் உடனிருக்கும். செதில் எழும்பிய பிறகு பிழைப்பவை குறைவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். துடுப்பு அழுகலோ, தொடக்கத்தில் பிடித்தால், தண்ணீர் திருந்தியதும் பெரும்பாலும் தானே ஆறும். ஒரண்டா போன்ற உருண்டை மீன்கள் தலைகீழாக மிதப்பதற்குக் காற்றுப்பைக் கோளாறு காரணமாகலாம். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. காற்றுப்பை உணவுக்குழாயோடு ஒரு சிறு குழாயால் இணைந்திருக்கிறது. மிதக்கும் தீவனத்தைக் கவ்வும்போது காற்றையும் விழுங்கும். இரண்டு நாள் பட்டினி போட்டு, தோலுரித்த வெந்த பச்சைப் பட்டாணியைக் கொடுத்து, மூழ்கும் தீவனத்துக்கு மாறினால் பல மீன்கள் நிமிரும்.

மருந்துக்கடை டெட்ராசைக்ளின் மாத்திரையை உடைத்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிணைத்து வலுவிழக்கச் செய்துவிடும். வேலை செய்யும் அளவுக்குப் போட்டாலோ வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் உருவாகும். மெத்திலீன் புளூவும் வடிகட்டிக் கூட்டத்தைச் சாய்க்கக்கூடியது. மருந்து தேவையென்றால் நோயுற்ற மீனைத் தனி வாளிக்கோ சிறு தொட்டிக்கோ மாற்றி, ஏர் பம்ப் வைத்துக் கொடுங்கள். வெண்புள்ளி மட்டும் விதிவிலக்கு. ஒட்டுண்ணி தொட்டி முழுவதும் இருப்பதால் தொட்டிக்கே சிகிச்சை வேண்டும்.

கெட்டியான மீன் என்ற நம்பிக்கை

தங்கமீன் எதையும் தாங்கும் என்று சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. ஆக்ஸிஜன் இல்லாத குளிர்ந்த தண்ணீரில் அது உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி உயிர் பிழைக்கும். முதுகெலும்புள்ள உயிர்களில் மிக அரிய திறமை இது. உறைபனிக் குளத்தில் உதவும் அந்தத் திறமை சித்திரை வெயிலில் உதவாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ கூடும். கோடையில் தீவனத்தைக் குறைத்து, காற்றுக் குமிழியைக் கூட்டி, தொட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்ற வேண்டும்.

இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன், 1956இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்தது, 43 வயது வரை வாழ்ந்து 1999இல் இறந்தது. அது அபூர்வம்தான். ஆனால் நன்கு பராமரித்தால் பத்துப் பதினைந்து ஆண்டு என்பது இந்த இனத்துக்கு இயல்பான ஆயுள். உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் வைத்து ஆறு மாதத்தில் முடித்துவிடும் ஓர் உயிருக்கு இயற்கை அத்தனை ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறது. கடையில் மீனைக் கைகாட்டுவதற்கு முன் ஒரு மீனுக்கு 75 லிட்டர் இடம், ஊறிய வடிகட்டி, ஒரு சோதனைப் பெட்டி, வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஆகிய நான்கும் நம்மிடம் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வோம். இல்லையென்றால் ஒரு மாதம் கழித்து வாங்கலாம். அந்த ஒரு மாதத்தில் தொட்டியை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனத்தைப் போட்டு அமோனியா உண்டாக்கி நுண்ணுயிர்க் கூட்டத்தை வளர்த்துவிட்டால், மீன் வந்து சேரும் நாளில் அதற்கான தண்ணீர் தயாராக இருக்கும்.